அடுக்குமாடி வீட்டின் வரைபடத்தைப் படிப்பது எப்படி? கேமரன் மலைக் குடும்பங்கள் கையெழுத்திடும் முன் அறிய வேண்டியவை

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல், கேமரன் மலைத் தமிழர்களுக்கு வீடு என்பது வேலையோடு சேர்ந்தே வந்தது. லயன் வீடானாலும் பிற்காலத்தில் கட்டிக்கொடுத்த தனி வீடானாலும் அது நிர்வாகத்திற்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று 2013 ஜூலை முதல் சட்டம் இருக்கிறது. அந்த வயதை நெருங்கும் பெற்றோரும், தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளும் சேர்ந்து முதன்முறையாகச் சொந்த வீடு தேடுகிறார்கள். மலையில் தரை வீட்டுக்கான சமநிலம் குறைவு, விலையும் அதிகம். பலருடைய கைக்கு எட்டுவது அடுக்குமாடி வீடுதான்.

அந்த வீடு பெரும்பாலும் இபிஎஃப் சேமிப்பிலும் 30, 35 ஆண்டு வங்கிக் கடனிலும் வாங்கப்படுகிறது. ஆனால் கையெழுத்திடும் நாளில் மேசையில் விரிக்கப்படும் வரைபடத்தை யாரும் நிதானமாகப் பார்ப்பதில்லை. விற்பனை அலுவலகத்தில் உள்ள அழகான படத்தையும் மாதிரி வீட்டையும் பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள்.

தோட்டத்திலிருந்து மாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களின் அனுபவம் நாட்டில் ஏற்கெனவே உண்டு. புத்ராஜெயா உருவானபோது பிராங் புசார் உள்ளிட்ட தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாறின. சுவர் விரிசல் பற்றிய அவர்களின் முறையீடு பல ஆண்டுகள் செய்தியாக வந்தது. அவர்களுக்கு வீட்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம் இல்லை. இன்று சொந்தப் பணத்தில் வாங்குவோருக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அதைச் சரியாகப் பயன்படுத்தலாம். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஓர் அளவு நாடாவும் ஒரு பென்சிலும் ஒரு மாலை நேரமும் போதும்.

எந்தத் தாள் செல்லும்?

விளம்பரக் கையேட்டில் உள்ள வண்ணப் படம் விற்பனைக்காக வரையப்பட்டது. அதில் உள்ள சோபாவும் கட்டிலும் அறை பெரிதாகத் தெரிவதற்காகச் சிறிதாக வரையப்பட்டிருக்கலாம். சட்டப்படி வாங்குபவரைக் காப்பது, விற்பனை கொள்முதல் ஒப்பந்தத்தோடு இணைக்கப்படும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடமே.

மேம்பாட்டாளரிடமிருந்து நேரடியாக வாங்கும் புதிய அடுக்குமாடி வீட்டுக்கு, 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வரும் எச் அட்டவணை ஒப்பந்தம்தான் பயன்படுத்தப்பட வேண்டும். அதன் முதல் இணைப்பில் வரைபடங்களும், நான்காம் இணைப்பில் கட்டுமான விவரங்களும் இருக்கும். சுவர் எதனால் ஆனது, தரையில் என்ன ஓடு, எத்தனை மின் இணைப்பிடங்கள் என்பதெல்லாம் அந்த நான்காம் இணைப்பில் எழுதப்பட்டிருக்கும். கேமரன் மலைக் குளிரில் சுடுநீர்க் கருவிக்கான மின் இணைப்பு குளியலறையில் உண்டா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். விற்பனையாளர் வாயால் சொன்னது இந்தத் தாள்களில் இல்லையென்றால், அது கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீட்டை வாங்கினால் இந்த ஒப்பந்தம் பொருந்தாது. அப்போது ஸ்ட்ராத்தா பட்டாவோடு உள்ள வரைபடத்தை வழக்கறிஞரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் பால்கனியை அடைத்து அறையாக்கியிருந்தால், வரைபடத்திற்கும் வீட்டிற்கும் உள்ள வேறுபாடு அதில் தெரிந்துவிடும்.

நான்கு வகைப் படங்கள்

வரைபடக் கட்டில் முக்கியமாக நான்கு வகைப் படங்கள் இருக்கும்.

மனைப் படம், மலாயில் பெலான் தாப்பாக். பறவை மேலிருந்து பார்ப்பதுபோல் முழு நிலத்தையும் காட்டும். கட்டடம், சாலை, வாகன நிறுத்துமிடம், வடிகால், சரிவு எல்லாம் இதில் தெரியும்.

தரைப் படம், அதாவது பெலான் லந்தாய். கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்த்தால் வீடு எப்படித் தெரியுமோ அப்படி. அறைகள், கதவுகள், சன்னல்கள் இதில் இருக்கும்.

முகப்புப் படம். கட்டடத்திற்கு வெளியே நின்று முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் பார்க்கும் தோற்றம்.

வெட்டுப் படம், மலாயில் கெராத்தான். கேக்கைக் கத்தியால் வெட்டியதுபோல் கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டுவது. அறையின் உயரம், மாடிகளின் எண்ணிக்கை, பின்னால் உள்ள மண் எந்த மாடிவரை வருகிறது என்பது இதில்தான் புரியும். சுங்கை பாலாசில் உள்ள போ தேநீர் மையத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். அதன் கூடம் மலைச்சரிவிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கி நீண்டு நிற்கிறது. அது எவ்வளவு தூரம் வெளியே நீள்கிறது, கீழே எதன்மீது நிற்கிறது என்பதை முகப்புப் படத்தைவிட வெட்டுப் படமே தெளிவாகக் காட்டும்.

அளவும் குறியீடும்

படத்தின் ஓரத்தில் 1:100 என்றிருந்தால், தாளில் 1 சென்டிமீட்டர் என்பது உண்மையில் 1 மீட்டர். ஆனால் நகலெடுக்கும்போது படம் சுருங்கலாம். எனவே ஸ்கேலால் அளப்பதைவிட எழுதியிருக்கும் எண்களை நம்புவதே சரி. எண்கள் மில்லிமீட்டரில் இருக்கும். 3000 என்றால் 3 மீட்டர், ஏறத்தாழ 10 அடி. சதுர மீட்டரை 10.76ஆல் பெருக்கினால் சதுர அடி வரும். 65 சதுர மீட்டர் வீடு என்பது ஏறக்குறைய 700 சதுர அடி.

தடித்த இரட்டைக் கோடு சுவர். கால்வட்டக் கோடு கதவு, அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் அதுவே காட்டும். சுவரின் நடுவே மெல்லிய இணைகோடுகள் இருந்தால் சன்னல். கறுப்பாக நிரப்பிய சதுரம் பெரும்பாலும் தூண். புள்ளிக்கோடு தலைக்கு மேலே உள்ள உத்தரத்தையோ கூரையின் விளிம்பையோ குறிக்கும். மாடிப்படியில் உள்ள அம்புக்குறி ஏறும் திசையைக் காட்டும். ருவாங் தாமு என்றால் கூடம், பிலிக் தீடோர் படுக்கையறை, டாப்பூர் சமையலறை, பிலிக் ஆயர் குளியலறை.

பரப்பளவிலும் ஒரு நுட்பம் உண்டு. ஸ்ட்ராத்தா சட்டப்படி பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் பொதுவான சுவரின் நடுக்கோடுதான் எல்லை. ஆகவே 800 சதுர அடி என்று எழுதியிருந்தால், அதில் சுவரின் பாதித் தடிப்பும் அடங்கும். பால்கனியும் துணி உலர்த்தும் இடமும் வழக்கமாக அந்தக் கணக்கிலேயே சேரும். பாய் விரித்துப் படுக்கக்கூடிய இடம் அதைவிடக் குறைவு. கட்டி முடித்த பிறகு, கட்டட வரைபடத்தில் உள்ளதைவிடப் பட்டாவில் பரப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால், அதற்கேற்ப விலையைக் குறைக்கும்படி கேட்க எச் அட்டவணை ஒப்பந்தம் இடம் தருகிறது.

அறை எவ்வளவு இருக்க வேண்டும்?

யுபிபிஎல் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டங்கள் குறைந்தபட்ச அளவுகளை வகுத்துள்ளன. வீட்டின் முதல் வசிப்பறை 11 சதுர மீட்டர், இரண்டாவது 9.3 சதுர மீட்டர், மற்றவை 6.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. சமையலறை 4.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. கூடமும் படுக்கையறையும் 2.5 மீட்டர் உயரமாவது இருக்க வேண்டும்.

சட்டம் சொல்லும் அளவு குறைந்தபட்சம்தான். அது வசதியான அளவு என்று பொருளில்லை. மூன்றாவது படுக்கையறை 2.7 மீட்டருக்கு 2.7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 7.29 சதுர மீட்டர், சட்டப்படி சரி. அதில் 1.52 மீட்டர் அகலமுள்ள இரட்டைக் கட்டிலைப் போட்டால் பக்கத்தில் 1.18 மீட்டர் மிஞ்சும். 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள அலமாரியை அந்தப் பக்கம் வைத்தால் நடக்க 58 சென்டிமீட்டர், அதாவது 2 அடிக்கும் குறைவு. அலமாரிக் கதவைத் திறந்தால் ஆள் நிற்க முடியாது. கதவும் உள்பக்கம் திறந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி, இப்போது குடியிருக்கும் தோட்ட வீட்டின் அறைகளை முதலில் அளந்து எழுதிக்கொள்வது. பழகிய அறையின் நீள அகலம் தெரிந்தால், வரைபடத்தில் உள்ள எண் உடனே கண்முன் உருப்பெறும். அடுத்து கட்டில், அலமாரி, குளிர்பெட்டி, சாமி மேடை ஆகியவற்றை அளந்து, அதே அளவுகோலில் காகிதத் துண்டுகளாக வெட்டி வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். சாமி மேடைக்கு நல்ல திசையில் இடம் உண்டா, அதன் பின்சுவரில் கழிவறை வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். சாவி வாங்கிய பிறகு இதற்கு வழி கிடையாது.

வெயிலும் ஈரமும்

கீழே ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வீடு வாங்குபவர் மேற்கு வெயிலைத் தவிர்க்கப் பார்ப்பார். கேமரன் மலையில் கணக்கு வேறு. இங்கே பனியும் மழையும் அதிகம். வெயில் படாத அறையில் சுவரில் பூஞ்சை பிடிக்கும், துணி இரண்டு நாளானாலும் காயாது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைக்கும். மலையில் பிற்பகலில் மேகம் மூடி மழை பெய்வது வழக்கம் என்பதால் காலை வெயில்தான் கைகொடுக்கும்.

எனவே மனைப் படத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறியை முதலில் தேட வேண்டும். அதை வைத்துக் கிழக்கு எது என்று குறித்து, எந்த அறைக்கும் எந்தப் பால்கனிக்கும் காலை வெயில் வரும் என்று பார்க்கலாம். கிழக்கே இன்னொரு கட்டடமோ உயர்ந்த மேடோ இருந்தால், திசை சரியாக இருந்தும் வெயில் தாமதமாகவே வரும்.

யுபிபிஎல் விதிப்படி வசிப்பறையின் சன்னல் பரப்பு தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. காற்று புகும் திறப்பு 5 விழுக்காடு வேண்டும். 9 சதுர மீட்டர் அறைக்கு 0.9 சதுர மீட்டர் சன்னல், அதில் பாதி திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தச் சன்னல் எங்கே திறக்கிறது என்பதும் முக்கியம். வெட்டவெளியை நோக்கியா, நடைவழியை நோக்கியா, நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்த காற்றுக் கூண்டை நோக்கியா? காற்றுக் கூண்டை நோக்கியிருந்தால் கீழ்வீட்டுத் தாளிப்பு வாசனை மேல்வீட்டுப் படுக்கையறைக்கு வரும்.

மேடும் சரிவும்

மலைச்சரிவில் கட்டிய அடுக்குமாடியில் சாலையிலிருந்து நுழையும் மாடி எப்போதும் கீழ்த்தளமாக இருப்பதில்லை. நுழைவாயிலுக்குக் கீழேயும் இரண்டு மூன்று மாடிகள் இருக்கலாம். அந்த மாடிகளில் பின்னறைகள் மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவரைப் பார்த்தபடி இருக்கக்கூடும். வெளிச்சம் குறையும், ஈரம் ஊறும். எந்த மாடி மண்ணுக்கு எதிரே இருக்கிறது என்பதை வெட்டுப் படம் காட்டிவிடும்.

மனைப் படத்தில் வளைந்து வளைந்து செல்லும் மெல்லிய கோடுகள் உயரக் கோடுகள். ஒரே கோட்டில் உள்ள இடமெல்லாம் ஒரே உயரம். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்தான சரிவு, விலகியிருந்தால் மெதுவான சரிவு. தேயிலை மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மழைநீர் எங்கே இறங்கும், எங்கே மண் சரியும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவோடு மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். கட்டடத்திற்கு மேலே எவ்வளவு செங்குத்தான சரிவு இருக்கிறது? தடுப்புச் சுவர் எங்கே, அதற்கும் கட்டடத்திற்கும் இடையே எவ்வளவு தூரம்? மேலிருந்து வரும் நீர் எந்த வடிகால் வழியாக எங்கே போகிறது?

இது வீண் பயமல்ல. 1993 டிசம்பர் 11இல் சிலாங்கூர் உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்சின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் உயிரிழந்தனர். பின்புறச் சரிவின் வடிகால் சீர்கேடும் தடுப்புச் சுவர்களின் வலுவின்மையும் அதற்குக் காரணங்களாகப் பேசப்பட்டன. கேமரன் மலையிலேயே 2011 ஆகஸ்டு 7இல் சுங்கை ரூயில் பூர்வகுடி கிராமத்தில் ஏற்பட்ட நிலச்சரிவில் 7 பேர் மாண்டனர். ஒரு சரிவு உறுதியானதா என்று வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அது பொறியாளரின் வேலை. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பதை வரைபடம் சொல்லிக்கொடுக்கும்.

எந்த மாடி, எத்தனை படி?

மின்தூக்கி இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்கள் நாடெங்கும் உண்டு. மேல்மாடி வீடு விலை குறைவு என்பதால் பலர் அதை எடுக்கிறார்கள். படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் இடையே 3 மீட்டர் என்றால் 17 படிகள். தரைத்தளத்தை முதலாவதாக எண்ணி ஐந்தாவது தளத்திற்குப் போக 68 படிகள். முப்பது வருடம் மலை ஏறி இறங்கி மூட்டு தேய்ந்த அம்மாவுக்கு அது தினமும் எத்தனை முறை என்று குடும்பம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

மின்தூக்கி இருந்தால் அதன் உள்ளளவையும் நடைவழியின் அகலத்தையும் பார்ப்பது நல்லது. நோயாளியைப் படுக்க வைத்துக் கொண்டுபோகவும், வீட்டில் நல்லது கெட்டது நடக்கும்போது உறவுகள் கூடவும் அந்த இடம்தான். மாடிப் படத்தில் குப்பை அறையும் மின்தூக்கிக் கூண்டும் எந்த வீட்டை ஒட்டியிருக்கின்றன என்பதும் தெரியும். மின்தூக்கியை ஒட்டிய சுவரில் கட்டில் தலைமாட்டை வைத்தால் இரவெல்லாம் சத்தம் கேட்கலாம்.

எது நம்முடையது, எது பொது?

தோட்ட வீட்டில் முன்னால் துளசிமாடம், பின்னால் கறிவேப்பிலை, கோழிக்கூண்டு என்று வாழ்ந்தவர்களுக்கு இதுதான் பெரிய மாற்றம். ஸ்ட்ராத்தா வரைபடத்தில் மூன்று வகை இடங்கள் உண்டு. வீடு நமக்குச் சொந்தம். நம் பெயரில் ஒதுக்கிய வாகன நிறுத்துமிடம் போன்றவை துணைப் பகுதி, அதுவும் வீட்டோடு சேர்ந்தது. நடைவழி, படிக்கட்டு, கூரை, புல்வெளி ஆகியவை பொதுச் சொத்து. வாசலுக்கு வெளியே செருப்பு அலமாரி வைக்கும் இடம்கூடப் பொது இடம்தான். ஒப்பந்தத்தில் வாகன நிறுத்துமிடத்தின் எண் குறிப்பிடப்படாவிட்டால், அது நமக்கென ஒதுக்கப்பட்டதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி பொதுச் சொத்தின் பராமரிப்புக்கு மாதக் கட்டணமும், அதில் 10 விழுக்காடு சேமிப்பு நிதியாகவும் கட்ட வேண்டும். நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் வரைபடத்தில் இருந்தால், அவற்றைப் பயன்படுத்தாதவர்களும் அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள். கடன் தவணையோடு இதையும் கூட்டித்தான் மாதச் செலவைக் கணக்கிட வேண்டும்.

இரண்டு அறைகளை ஒன்றாக்கலாம் என்ற எண்ணத்தில் வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல புதிய கட்டடங்களில் தூணுக்குப் பதிலாக கான்கிரீட் சுவரே மேல்மாடிகளைத் தாங்குகிறது. அந்தச் சுவரை இடிக்க முடியாது, ஆழமாகத் துளையிடுவதும் கூடாது. எந்தச் சுவர் தாங்கும் சுவர், எது வெறும் தடுப்பு என்பதைக் கையெழுத்திடும் முன் கேட்டு வரைபடத்திலேயே குறித்துக்கொள்ளலாம்.

கையெழுத்திடும் முன்

மேம்பாட்டாளரின் உரிமம், விளம்பர அனுமதி ஆகியவற்றின் எண்களை வீடமைப்பு ஊராட்சி அமைச்சில் சரிபார்க்க வேண்டும். வரைபடத்தில் ஊராட்சி மன்ற அங்கீகாரமும், கட்டடக் கலைஞரின் பெயரும் முத்திரையும் இருக்க வேண்டும். தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கக் கேட்பதில் தவறில்லை. வாங்க வேண்டிய வீட்டின் எண்ணை மாடிப் படத்தில் தேடி வண்ணப் பென்சிலால் வட்டமிட்டு, மாதிரி வீட்டுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். சில வேளைகளில் நம் வீடு மாதிரி வீட்டின் கண்ணாடிப் பிம்பம்போல் இடம் வலம் மாறியிருக்கும். வெயில் வரும் பக்கமும் அப்போது மாறிவிடும்.

எச் அட்டவணைப்படி ஒப்பந்தத் தேதியிலிருந்து பொதுவாக 36 மாதங்களுக்குள் வீடு ஒப்படைக்கப்பட வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 10 விழுக்காடு கணக்கில் இழப்பீடு உண்டு. சாவி கிடைத்ததும் வரைபடத்தையும் அளவு நாடாவையும் எடுத்துப்போய் ஒவ்வோர் அறையையும் அளந்து, குறைகளைப் படம் பிடித்து எழுத்தில் தர வேண்டும். 24 மாதங்களுக்குள் தெரியும் குறைகளை மேம்பாட்டாளர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். அது நடக்காவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே பதிவு செய்யலாம். அங்கே கையில் இருக்க வேண்டிய முதல் ஆதாரங்களில் ஒன்று, ஒப்பந்தத்தோடு இணைத்த அந்த வரைபடம். அதன் முழுப் பிரதியை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.